வெந்நீர்க் குளியலும் அதன் காவலும்

வெந்நீரில் குளித்தெழுகின்றவர் நீரை மட்டுமே அறிகிறார். உடல் அயர்வு நீங்குகிறது, மனம் தெளிகிறது, அவ்வளவோடு அவர் நினைவு நின்றுவிடுகிறது. அந்நீரைச் சூடாக்கிய தீ எங்கே எரிந்தது, அது எவ்வழியே வந்து எவ்வழியே போயிற்று, அதில் சேர்ந்த அழுக்கை நீக்கியவர் யார் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் வெந்நீர் தரும் சாதனம் எதுவாயினும், அதற்குக் கடமைகள் மூன்று உண்டு. நீரைச் சூடாக்க வேண்டும். நீரை ஓடச் செய்ய வேண்டும். நீரைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். இம்மூன்றில் சூட்டை மட்டும் நினைவில் வைத்து, மற்ற இரண்டையும் மறந்த காலங்களிலெல்லாம் மனிதன் துன்புற்றிருக்கிறான். வெந்நீர்க் குளியலின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

குளியலுக்கென்று கட்டப்பட்ட பழம்பெரும் அமைப்புகளுள் ஒன்று சிந்து வெளியிலுள்ள மொஹஞ்சதாரோவின் பெருங்குளம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும், 7 மீட்டர் அகலமும், 2.4 மீட்டர் ஆழமும் உடைய அக்குளம் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் கட்டப்பெற்றது. 1925-26-ஆம் ஆண்டு அகழ்வில் அது வெளிப்பட்டது. அது வெந்நீர்க் குளம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதைக் கட்டியோர் நீர் கசியாதிருக்கச் செங்கற்களை நெருக்கி அடுக்கி, ஜிப்சக் காரை இட்டு, அவற்றின் பின்னே நிலக்கீல் பூசியிருக்கின்றனர். ஒரு மூலையில் நீரை வெளியேற்றுவதற்கு வழி வைத்திருக்கின்றனர். அவ்வழி, ஆள் நிற்கத்தக்க உயரமுள்ள ஒரு வடிகாலில் சென்று சேர்கிறது. நீரை நிரப்பும் வகையை மட்டுமன்றி, அதை வெளியேற்றி இடத்தைத் துலக்கும் வகையையும் சிந்தித்தே அவர்கள் குளத்தை அமைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

சூட்டை ஒரு கலையாக வளர்த்தவர்கள் உரோமானியர். அவர்களுடைய குளியற்கூடங்களில் தரை, செங்கற்களாலான சிறு கால்களின்மேல் நின்றது. பக்கத்திலே உலை எரியும். அதன் அனல் தரைக்கு அடியிலே பரவி, சுவர்களுக்குள் பதித்த சுடுமண் குழாய்களின் வழியே மேலெழும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர் இவ்வமைப்பை விவரித்திருக்கிறார். உலையின்மேல் மூன்று வெண்கலப் பாத்திரங்கள் இருக்க வேண்டும் என்கிறார் அவர். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், ஒன்றில் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு நீர் வெதுநீர்ப் பாத்திரத்திலிருந்து அதற்கு வரும். அதே அளவு தண்ணீர் வெதுநீர்ப் பாத்திரத்திற்கு வரும். இன்று நம் வீடுகளிலுள்ள நீர்ச் சூடேற்றியிலும், வெந்நீர் மேலே வெளியேற, அதன் இடத்தை நிரப்பத் தண்ணீர் கீழே நுழைகிறது. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் கருத்து மாறவில்லை.

எனினும் அக்கூடங்களில் ஒரு குறை இருந்தது. ஒரே தொட்டியில் நோயுற்றோரும் நோயற்றோரும் மூழ்கினர். நீரின் சூட்டைப் பேணிய அளவு அதன் தூய்மையைப் பேணுவதற்கு அவர்களிடம் வழி இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் மருத்துவ ஆசிரியரான செல்சஸ், ஆறாத புண்ணோடு குளியற்கூடம் செல்வது பெருங்கேடு என்று எச்சரித்தார். புண் ஈரமும் அழுக்கும் ஏறி அழுகிவிடும் என்பது அவர் கருத்து. கிருமி என்ற ஒன்றை எவரும் காணாத காலத்திலேயே, சூடான நீர் எல்லாம் சுத்தமான நீர் அன்று என்பதை அந்த மருத்துவர் கண்டுகொண்டார்.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். 1526-ஆம் ஆண்டு பானிப்பட்டுப் போரில் வென்று ஆக்ராவில் அமர்ந்த பாபர், தம் வரலாற்று நூலில் இந்நாட்டைப் பற்றிய குறைகளை ஒளிவின்றி எழுதியிருக்கிறார். வெப்பம், காற்று, புழுதி ஆகிய மூன்றும் தம்மை வருத்தியதாகவும், ஹமாம் என்னும் குளியல் மாளிகை அம்மூன்றையும் ஒருங்கே போக்கியதாகவும் அவர் கூறுகிறார். வெந்நீருக்காகக் கட்டிய மாளிகை, தடித்த சுவர்களும் கவிந்த கூரையும் உடையதாதலால், கோடையில் குளிர்ச்சியும் தந்தது என்பது இதிலுள்ள சுவையான செய்தி.

பாபரின் வழிவந்த ஷாஜகான் தில்லியில் எழுப்பிய செங்கோட்டையை நம்மில் பலர் கண்டிருப்போம். 1639-இல் தொடங்கி 1648-இல் நிறைவுற்ற அக்கோட்டையில், திவானி காஸ் மண்டபத்திற்கு வடக்கே ஹமாம் இருக்கிறது. நடைகளால் பிரிக்கப்பட்ட மூன்று பெரும் பகுதிகள் அதில் உண்டு. கிழக்குப் பகுதி ஆடை மாற்றும் இடம். அங்குள்ள நீரூற்றுகளுள் ஒன்றில் பன்னீர் பெருகியதாக ஒரு வழக்கு நிலவுகிறது. மேற்குப் பகுதியே வெந்நீருக்கும் நீராவிக்கும் உரியது. சூடேற்றும் அமைப்பு அதன் மேற்குச் சுவரில் மறைந்திருக்கிறது. பளிங்குத் தரையையும் அதிலே இழைத்த பூவேலையையும் பாடியவர் பலர். அச்சுவருக்கு அப்பால் விறகு தள்ளியவரும் சாம்பல் அள்ளியவரும் யாரென்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் ஒருநாள் வாராதிருந்தால் பளிங்கு மாளிகை வெறுங் கல்லறையாகவே கிடந்திருக்கும்.

முகலாயர் காலத்து நீர்ப்பணிகளுள் இன்னொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. மத்தியப் பிரதேசத்திலுள்ள புர்ஹான்பூர் நகருக்கு நீர் தருவதற்காக, 1615-ஆம் ஆண்டளவில், அப்துர் ரகீம் கான்-இ-கானான் ஆட்சியில், நிலத்தடிக் கால்வாய் ஒன்று அமைக்கப்பெற்றது. குந்தி பண்டாரா என்று அதனைச் சொல்வர். மலையடிவாரத்து ஊற்றுநீரை வரிசையான கிணறுகளின் வழியே, நிலச் சரிவின் துணைகொண்டு மட்டும், நகருக்குக் கொணர்ந்தது அது. அந்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து காலப்போக்கில் சுவர்களிலும் கால்வாயிலும் படிந்து, நீரோட்டத்தின் வழியைக் குறுக்கிவிட்டது. தண்ணீரே இவ்வாறு கல்லாகுமெனின், நீரைச் சூடாக்கும் பாத்திரத்தில் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கடினநீரைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு விரைந்து பிரிந்து வெள்ளைப் படலமாகப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர்ச் சாதனங்களின் மிகப் பழைய பகைவன் இந்த உப்புப் படிவே.

அரண்மனையில் மட்டுமன்றி வீட்டிலும் ஹமாம் இருக்கலாம் என்பதற்குக் காஷ்மீரம் சான்று. அங்கே பள்ளிவாசல்களிலும் பல இல்லங்களிலும் ஓர் அறை ஹமாமாகவே கட்டப்படுகிறது. தரை கற்பலகைகளால் ஆனது. அதன் அடியிலே வெற்றிடம். அதிலே விறகு எரியும். அடுப்பின்மேல் பதித்த செம்புத் தொட்டியில் நீர் சூடேறும். பனிக்காலத்தில் குடும்பத்தார் அனைவரும் அவ்வறையிலே கூடி இருப்பர். ஒரே தீ, தரைக்கு வெம்மையும் குளிக்க வெந்நீரும் தருகிறது. உரோமானியரின் கருத்து இமயத்தின் மடியில் இன்றும் உயிரோடு இருக்கிறது எனலாம்.

பிற பகுதிகளில் நம் வீட்டார் கையாண்டது செம்பு பாய்லர். மராட்டியரும் குஜராத்தியரும் அதனைப் பம்ப் என்றும் பம்பா என்றும் வழங்குவர். நீண்டுருண்ட செம்புப் பாத்திரம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழாய். அக்குழாயின் அடியிலே கரியும் சுள்ளியும் எரியும். சுற்றிலும் நிற்கும் நீர் சூடேறும். மேலே தண்ணீரை ஊற்றினால் பக்கத்துக் குழாயில் வெந்நீர் வரும். நீர் குறைந்திருக்கையில் தீ மூட்டலாகாது என்பதும், சாம்பலை நாள்தோறும் தட்ட வேண்டும் என்பதும் வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்த விதிகள்.

இவ்விதிகளை ஒரு திருநாளோடு இணைத்துவிட்டனர் நம் முன்னோர். தீபாவளிக்கு முன்னாள் மாலை, தமிழ்நாட்டு இல்லங்களில் வெந்நீர் அண்டாவைப் புளியிட்டுத் துலக்கி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, புதுநீர் நிரப்பி வைப்பர். கன்னட நாட்டில் இதனை நீர் நிரப்பும் பண்டிகை என்றே கொண்டாடுகின்றனர். பக்தியின் பொருட்டுச் செய்ததாயினும், ஆண்டிற்கு ஒருமுறையேனும் வெந்நீர்ப் பாத்திரத்தை முழுவதும் வடித்து, உப்பு நீங்கத் தேய்த்து, அதன் அடியையும் வாயையும் கண்ணால் பார்க்கும் நாளாக அது அமைந்தது. புளியின் புளிப்பு செம்பின் களிம்பையும் உப்புப் படிவையும் கரைப்பது, பின்னாளில் வேதியியல் விளக்கிய உண்மை.

வெந்நீர் வேண்டியபோது உடனே வர வேண்டும் என்ற ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1868-ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர், எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவிக்கு உரிமை பெற்றார். ஐஸ்லாந்தில் பூமியைப் பிளந்து பொங்கும் வெந்நீர் ஊற்றின் பெயரால் அதனைக் கீசர் என்று அழைத்தார். அப்பெயர் நம் நாட்டில் மின்சாரக் கருவிக்கும் நிலைத்துவிட்டது. ஆனால் மானின் கருவியில், எரிந்த வாயு வெளியேறுவதற்குப் புகைபோக்கி இல்லை. சூடு வந்தது, நஞ்சும் உடன் வந்தது. இக்குறை அக்காலத்தோடு ஒழிந்துவிட்டது என்று கருதுவது தவறு. காற்று வாராத குளியலறையில் எரிவாயுக் கீசரை வைப்பதால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு பரவி, குளிக்கச் சென்றவர் கதவைத் திறக்காமலே மாண்டுபோகும் செய்திகளை நம் நாட்டில் குளிர்காலந்தோறும் கேட்கிறோம். ஒரு புகைபோக்கியும் ஒரு காற்றுவழியும் இருந்தால் அந்த உயிர்களுள் பல காக்கப்பட்டிருக்கும்.

நீரைச் சேமித்து வைத்துத் தானாகவே சூடேற்றும் கலனை 1889-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கியவர் எட்வின் ரூட் என்னும் நார்வே நாட்டுப் பொறியாளர். இன்றைய மின்சாரக் கீசர் அதன் வழித்தோன்றல். அதன் உள்ளே மின்சாரத்தால் சூடேறும் கம்பிச் சுருள். உரிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது பழுதுபட்டால் மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு. இவற்றோடு பலர் அறியாத மெக்னீசியத் தண்டு ஒன்று. இத்தண்டின் வரலாறு வியப்பானது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, போர்க்கப்பல்களின் அடியில் பொதிந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடினார். எளிதில் அரிபடும் துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்தால், அது தான் அரிந்து செம்பைக் காக்கும் என்று கண்டார். அதே தத்துவத்தின்படி, மெக்னீசியத் தண்டு தான் கரைந்து எஃகுக் கலனைக் காக்கிறது. அது முழுவதும் கரைந்த பின் அரிப்பு கலனைப் பற்றுகிறது. கலன் ஓட்டையான பிறகு உற்பத்தியாளரைக் குறைகூறுகிறோம். சில நூறு ரூபாய்த் தண்டை உரிய காலத்தில் மாற்றியிருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

நிற்க. வெந்நீரில் அமர்ந்து இளைப்பாறும் தொட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்தது இருபதாம் நூற்றாண்டு. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூஸி சகோதரர்கள் முதலில் விமானத்திற்குச் சுழலிகளும், பின்னர் வேளாண்மைக்குப் பம்புகளும் செய்து வந்தனர். அவர்களுள் ஒருவரான கான்டிடோவின் மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம் கண்டது. மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் இருத்திச் சிகிச்சை செய்தபோது குழந்தைக்கு நோவு தணிவதைக் கண்ட தந்தை, வீட்டுக் குளியல் தொட்டியிலேயே இறக்கி வைக்கத்தக்க சிறு பம்பு ஒன்றை அமைத்தார். 1950-களில் அது விற்பனைக்கு வந்தது. 1968-ஆம் ஆண்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி, நீர்த் தாரைகளைப் பக்கங்களிலேயே பதித்த தொட்டியை வெளியிட்டார். ஒரு குழந்தையின் நோவைத் தணிக்கப் பிறந்த கருவி செல்வர் இல்லங்களின் இன்பப் பொருளாக மாறிற்று. இன்று நம் பெருநகரங்களின் விடுதிகளிலும் சில இல்லங்களிலும் அது காணப்படுகிறது.

இத்தொட்டியின் அமைப்பு கடினமானதன்று. தொட்டியின் நீரைப் பம்பு இழுக்கிறது. வடிகட்டி அழுக்கைப் பிடிக்கிறது. சூடேற்றி வெப்பம் தருகிறது. காற்றோடு கலந்த நீர் தாரைகளின் வழியே மீண்டும் தொட்டிக்குள் பாய்கிறது. நம் வாளியிலும் அண்டாவிலும் குளித்த நீர் கீழே போய்விடும். இங்கோ அதே நீர் பல நாள் சுற்றி வருகிறது. வேறுபாடு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் அதிலேயே தங்குகின்றன. இதமான சூடு கிருமிகளுக்கும் இதமாகிறது. சூடு மிகுந்த நீரில் குளோரினும் விரைவில் வீரியம் இழக்கிறது.

இதன் விளைவை உலகம் விலை கொடுத்தே கற்றது. 1976-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் முன்னாள் போர்வீரர் மாநாட்டிற்கு வந்தவர் பலர் விளங்காத நுரையீரல் நோயால் இறந்தனர். அடுத்த ஆண்டு அதன் கிருமி கண்டறியப்பட்டு, மாநாடு கூட்டிய லீஜியன் சங்கத்தின் பெயரால் லீஜியனெல்லா எனப்பட்டது. அது நீரில் வாழும் கிருமி. செல்சியஸ் 25 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பில் அது செழிக்கும். நுண்ணிய நீர்த்துளிகளோடு சுவாசத்தில் புகுந்து நோய் செய்யும். 1999-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், சுழல்நீர்த் தொட்டி ஒன்று காட்சிக்காக வைக்கப்பட்டிருந்தது. மலர் காண வந்து அவ்வழியே நடந்து சென்ற மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தொட்டியில் அவர்கள் இறங்கிக் குளிக்கவில்லை. அதிலிருந்து எழுந்த நீர்த்திவலை கலந்த காற்றைச் சுவாசித்ததே அவர்களுக்குக் கூற்றாயிற்று. காவலின்றி விடப்பட்ட வெந்நீர் எத்தகையது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா?

ஜப்பானியர் இவ்வகையில் நமக்கு நல்லாசிரியர். அவர்களுடைய இல்லங்களிலும் குடும்பத்தார் ஒரே தொட்டி வெந்நீரில் ஒருவர்பின் ஒருவராக இறங்குவது வழக்கம். ஆனால் தொட்டிக்கு வெளியே அமர்ந்து, உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னரே இறங்குவர். தொட்டி அழுக்கு நீக்கும் இடமன்று. அழுக்கு நீங்கியவர் இளைப்பாறும் இடம். குளிப்பவரே முதல் வடிகட்டி என்ற இக்கொள்கையைக் கடைப்பிடித்தால், இயந்திர வடிகட்டியின் சுமையில் பாதி குறைந்துவிடும்.

இனி, இல்லத்தார் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் காண்போம். சுழல்நீர்த் தொட்டி உடையவர், நீரின் சூடு 40 டிகிரிக்கு மேற்படாது பார்க்க வேண்டும். குளோரின் பத்து லட்சம் பங்கு நீருக்கு 3 பங்கேனும் இருக்கிறதா என்பதைச் சோதனைத் தாளால் அடிக்கடி அறிய வேண்டும். வடிகட்டியைக் கழுவுவதும், நீரை முழுவதும் வடித்துத் தொட்டியைத் தேய்ப்பதும் தவணை தவறாது நடைபெற வேண்டும். பல நாள் நின்ற நீரில் தாரையைத் திறந்துவிட்டு அருகே நிற்றல் கூடாது.

மின்சாரக் கீசர் உடையவர், ஆண்டுதோறும் தேர்ந்த பணியாளரைக் கொண்டு கலனை வடித்து உப்பு நீக்குவது நலம். நீர் சூடேறும்போது உள்ளே படபடவென்று ஓசை கேட்பதும், வழக்கத்தினும் அதிக நேரம் பிடிப்பதும் உப்புப் படிவின் அறிகுறிகள். படிவு மூடிய கம்பிச் சுருள் தன் சூட்டை நீருக்குத் தரமாட்டாமல் தானே வெந்து அறுந்துபோகும். மெக்னீசியத் தண்டையும் அப்போதே பார்க்கச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வால்வில் சொட்டும் நீரை நிறுத்துவதாக எண்ணி அதனை அடைத்துவிடுவது, கொதிகலனைக் குண்டாக மாற்றுவதற்கு ஒப்பாகும். சேமிக்கும் வெந்நீர் 60 டிகிரி அளவில் இருந்தால் கிருமி வளராது. குளிக்கும்போது தண்ணீர் கலந்து ஆற்றிக் கொள்ளலாம். வாளியில் மின்சாரக் கம்பியை இட்டுச் சூடாக்குவோர், அதனைப் பிடுங்கி அகற்றிய பின்னரே நீரைத் தொட வேண்டும். எரிவாயுக் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் அமைப்பதே தக்கது.

இவையெல்லாம் பெருஞ்செலவுக்கு உரியன அல்ல. கவனத்திற்கு மட்டுமே உரியன. செங்கோட்டை ஹமாமுக்குச் சுவருக்கு அப்பால் ஓர் ஊழியர் இருந்தார். செம்பு அண்டாவுக்கு நம் பாட்டியின் கை இருந்தது. இன்றைய கருவிகளோ வெள்ளை உறைக்குள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு, தம்மைப் பேணுவார் எவரும் வேண்டியதில்லை என்பது போலச் சுவரில் தொங்குகின்றன. அவற்றின் தோற்றத்தை நம்பி நாம் ஏமாறலாகாது. தீபாவளிக்கு முன்னாள் அண்டாவைத் துலக்கி நீர் நிரப்பும் வழக்கம், அண்டா இல்லாத வீட்டிலும் கைவிடத்தக்கதன்று. அன்று கீசரின் நீரை வடித்து, வால்வையும் தண்டையும் பார்த்து, புதுநீர் நிரப்பி வைப்போமாயின், மறுநாள் விடியலில் நாம் ஆடும் கங்கா ஸ்நானம் பொருள் நிறைந்ததாகும்.